காப்பி வேணுமா அண்ணாச்சி?

அது ஓடாது தம்பி. எத்தனை தட்டு தட்டினாலும் ஓடாது. கழுகுமலை தாண்டிட்டா இந்த பஸ் ரூட்டுல டவர் கிடையாது. நீங்க காசு கட்டின ஆளா இருக்கலாம், படத்தை முன்னாலயே இறக்கி வச்சிருக்கலாம். ஆனா நடுவுல அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு சந்தேகம் வந்துரும். 'இது அதே ஆளுதானா'ன்னு நெட்டுல போய் விசாரிச்சிட்டு வந்துதான் மேல காட்டுவான். நெட்டு இல்லைன்னா நீங்க திருடன். அவ்வளவுதான். போனைப் பையில போடுங்க, சார்ஜாவது மிஞ்சும்.

இந்தாளுக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? நம்ம பிழைப்பே அதுதானே. சங்கரன்கோவில்ல மின்னல் வீடியோன்னு கேட்டுப் பாருங்க. பேரு தங்கவடிவேல். ஆனா அந்தப் பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, மின்னல் அண்ணாச்சின்னாத்தான் தெரியும். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, பால்காய்ப்பு, எல்லாம் நம்ம கேமராதான். எனக்கு ஒழிஞ்ச நாள் எதுன்னு கேட்டுட்டுத்தான் முகூர்த்தமே பார்ப்பாங்க. பெருமைக்குச் சொல்லலை, உள்ளதைச் சொல்லுதேன்.

ஆனா ஒரு வயித்தெரிச்சல் கேளுங்க. நான் கண்ணு எரிய உக்காந்து வெட்டி ஒட்டி, பொண்ணு தலையில வானத்துல இருந்து ரோசாப்பூ விழுற மாதிரி, மாப்பிள்ளை மேகத்து மேல நடந்து வர்ற மாதிரி எல்லாம் போட்டுக் குடுப்பேன். இவங்க ஒரே ஒரு பென் டிரைவ் வாங்கிட்டுப் போவாங்க. பெரியம்மா வீட்டுக்கு அதுல ஒரு காப்பி. சித்தி வீட்டுக்கு ஒரு காப்பி. பந்தல்ல சண்டை போட்டுட்டுச் சாப்பிடாமப் போன தாய்மாமன் இருக்கான் பாருங்க, அவனைச் சமாதானம் பண்ண அவனுக்கும் ஒரு காப்பி. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு வாரி வாரி விடுதாங்க. எரியுமா எரியாதா?

அந்த நேரத்துலதான் எங்க வீடியோக்காரங்க சங்கத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. திருநெல்வேலியில, ஏசி ஹால், மத்தியானம் பிரியாணி. கோயம்புத்தூர்ல இருந்து நவநீதன்னு ஒரு பையன் டை கட்டிக்கிட்டு வந்தான். "ஏனுங்ணா, பயிரு வச்சா வேலி போட வேண்டாமா?"ன்னு கேட்டான். எல்லாரும் கை தட்டினோம். பூட்டுக்குப் பேரே வேலிதான். என்னன்னா, பென் டிரைவோட ஒரு குட்டிப் பெட்டி குடுப்பான். அதை எந்த டிவியில முதல்ல சொருகுறோமோ அந்த டிவிக்குத்தான் அந்த வீடியோ. ஒவ்வொரு தடவை போடும்போதும் நெட்டு வழியா கம்பெனியைக் கேக்கும், 'ஓடட்டுமா'ன்னு. அவன் 'ஓடு'ன்னாத்தான் ஓடும். இன்னொரு டிவி வேணும்னா என்கிட்ட வந்து இன்னொரு சாவி வாங்கணும். அதுல எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. இன்னொண்ணும் சொன்னான். பூட்டு விழுந்ததும் கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கிற மூல வீடியோவையே முழுங்கிருமாம். "கடைக்காரர் நினைச்சாலும் திருட முடியாதுங்ணா." அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரிச்சிட்டு.

அதுக்கப்புறம் வந்த கூத்தைச் சொல்லணுமே. தீபாவளிக்குப் பழைய டிவியைக் குடுத்துட்டுப் புது டிவி வாங்கினவன் பூரா என் கடை வாசல்ல நின்னான். "அண்ணாச்சி, வீடியோ ஓடலையே!" ஏ மாப்பிள்ளை, அந்த வீடியோ அந்த டிவிக்குக் கழுத்தை நீட்டிருச்சு, இனி வேற டிவிக்கு வாழ்க்கைப்படாதுன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவேன். தொழில்னா நயமாப் பேசணும்.

ஒருத்தன் பொண்டாட்டி வளைகாப்புக்கு மாமனார் வீட்டுல கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டலாம்னு எடுத்துட்டுப் போயிருக்கான். சொந்தபந்தமெல்லாம் பாயை விரிச்சு உக்காந்திருக்கு. திரையில பெரிய எழுத்துல வந்திருக்கு, 'இந்தத் திருமணத்தைக் காண உங்களுக்கு உரிமை இல்லை.' மாமனார் முன்னால! அந்த மனுஷன் எனக்குப் போன் போட்டு, "ஏலே, நான்லே பொண்ணைப் பெத்தவன்! எனக்கு உரிமை இல்லைன்னு சொல்ல இவன் யாருலே?"ன்னு கேக்காரு. சட்டம் மாமனாருக்கும் ஒண்ணுதான் அண்ணாச்சின்னு வச்சுட்டேன். பின்ன, ஆளுக்கொரு சட்டமா?

இப்ப நான் ஏறினேன் பாருங்க கழுகுமலையில, அங்க ஆவுடையம்மான்னு ஒரு அம்மா மாவு மில்லு வச்சிருக்கா. அவ மக செல்வராணி கல்யாணமும் நான்தான் எடுத்தேன். நல்ல கல்யாணம், குறை சொல்ல முடியாது. எங்க வீட்டம்மாவையும் கூப்பிட்டிருந்தா, வெத்தலை பாக்கு வச்சு, மதினி கட்டாயம் வரணும்னு. கல்யாணம் முடிஞ்சு அந்தப் பிள்ளை மாப்பிள்ளையோட மஸ்கட்டுக்குப் போயிட்டா. ஆவுடையம்மா கடைக்கு வந்து, "பிள்ளை அங்க தனியாக் கிடந்து அழுதா அண்ணாச்சி. அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க"ன்னா. காப்பியெல்லாம் கிடையாது தாயி, சாவி வாங்கணும், அதுலயும் வெளிநாட்டுச் சாவி தனின்னேன். ஏன் தனின்னு கேட்டா. எனக்கென்ன தெரியும்? கம்பெனிக்காரன் தனின்னான், நானும் தனின்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

கொஞ்ச நாள்ல பாத்தா, அந்தப் பிள்ளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கல்யாணம் ஓடுது! டிவி தெரியுது, டிவிக்குப் பின்னால காலண்டர் தெரியுது, திரையில டியூப் லைட்டு பளபளங்குது. அந்த அம்மா என்ன செஞ்சிருக்கா, டிவியில வீடியோவைப் போட்டுட்டு, எதிர்ல முக்காலியில உக்காந்து, மொத்தக் கல்யாணத்தையும் போன்ல புடிச்சிருக்கா. மாப்பிள்ளை அழைப்புல இருந்து மறுவீடு வரைக்கும். எனக்கு ஆத்திரம் வந்துச்சு பாருங்க, வண்டியை எடுத்துக்கிட்டு நேரா மில்லுக்கே போயிட்டேன். மாவரைக்க ஜனம் தூக்கும் வாளியுமா நிக்கு. அத்தனை பேர் முன்னாலயும், திருட்டு வீடியோ எடுக்கியா, வெக்கமா இல்லையான்னு கேட்டுட்டேன்.

அவ மில்லை நிறுத்திட்டு வந்தா. "எங்க வீட்டுக் கல்யாணத்தை, எங்க வீட்டு டிவியில, எங்க வீட்டுப் போன்ல எடுத்தேன். இதுல எது அண்ணாச்சி உங்க வீட்டுல இருந்து எடுத்தது?"

"கேமரா என்னோடது!"

"கல்யாணம் என்னோடது."

வரிசையில நின்ன சனியனுங்க சிரிக்குதுங்க தம்பி. போலீசுக்குப் போயிருவேன்னு சத்தம் போட்டுட்டு வந்தேன். போகலை. பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன். போயிருக்கவும் முடியாது, அங்க ஏட்டையா கல்யாணமும் நம்ம எடுத்ததுதான். அவரு டிவியில இடி விழுந்து, என்னைத்தான் தேடிக்கிட்டிருந்தாரு.

அதே நேரத்துல எனக்கு நடந்த அநியாயம் தெரியுமா? நான் எடுத்ததுலயே நல்ல கல்யாணமா ஒண்ணைப் பாத்து, விளம்பரத்துக்காக நெட்டுல ஏத்தினேன். பின்னால நாலு சினிமாப் பாட்டு போட்டிருந்தேன். திருட்டுப் பாட்டு இல்ல, காசு குடுத்து வாங்கின பாட்டு. பாட்டுக் கம்பெனிக்காரன் சத்தத்தையே அமுக்கிட்டான்! முழுக் கல்யாணமும் ஊமை. ஐயர் வாயசைக்காரு. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புது, சத்தத்தைக் காணோம். சண்டை போட்ட மாதிரி எல்லாரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்காங்க. காசு குடுத்து வாங்கின பொருளு என் பொருளு இல்லையா தம்பி? அதை நான் எங்க போட்டா அவனுக்கு எங்க வலிக்குது? ஒரு தடவை வித்த சாமானுக்கு எத்தனை தடவை வசூல் பண்ணுவான்? இவனுங்க நல்லா இருப்பானுங்களா?

என்ன சிரிக்கீங்க? நம்மது வேற தம்பி. நம்மது தொழில். அவனுங்களது பேராசை.

சரி, சவத்தை விடுங்க. நான் சொல்ல வந்தது அது இல்ல.

போன ஐப்பசியில எங்க வீட்டம்மா தவறிட்டா. கோமதின்னு பேரு. காலையில எனக்கு இட்லி வச்சிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுன்னா. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சட்டினி எடுக்க உள்ள போற மாதிரிப் போயிட்டா.

மாலை போட ஒரு படம் தேடுதேன், இல்ல. ஊரு பூராப் பொம்பளைங்களை அழகா எடுத்த கை, வீட்டுல இருந்தவளை ஒரு நாள் எடுக்கலை. அவளும் விட மாட்டா. கேமராவைக் கண்டா முந்தானையால மூஞ்சியை மூடிக்கிடுவா, கோழிக்குஞ்சு பருந்தைக் கண்ட மாதிரி. அவ வச்சிருந்ததும் பட்டன் போனு, பேச மட்டும்தான். கடைசியில ஆதார் கார்டுல இருந்த மூஞ்சியைத்தான் பெருசாக்கி மாட்டினேன். வீடியோக்காரன் பொண்டாட்டி! வந்தவங்கெல்லாம் படத்தைப் பாக்காங்க, என்னைப் பாக்காங்க.

மக ஒருத்தி, வடிவு. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு கிளம்பும்போது கேட்டா, "அப்பா, அம்மா பேசுற மாதிரி ஒண்ணுகூடவா நம்மகிட்ட இல்ல? குரல் மறந்துரும்போலப் பயமா இருக்குப்பா"ன்னா. எனக்கு அங்கேயே பளிச்சுன்னுச்சு. இருக்கு! இல்லாம என்ன? ஆவுடையம்மா வீட்டுக் கல்யாணத்துல பந்தி எடுக்கும்போது, லைட்டு வரிசையாப் போய் கோமதி இலையில விழுந்துச்சு. இவ ஏதோ சொன்னா. என்ன சொன்னான்னு நினைப்பு இல்ல, சொன்னது நினைப்பு இருக்கு. இரு, எடுத்து அனுப்புதேன்னு மககிட்ட சொல்லிட்டு, கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

'இந்தத் திருமணத்தைக் காண உங்களுக்கு உரிமை இல்லை.'

யாருக்கு? எனக்கு! எடுத்தவனுக்கு! மறுபடி தட்டுதேன், அதையே சொல்லுது. கம்பெனிக்குப் போன் போட்டா அந்த நம்பர் உபயோகத்துல இல்லையாம். சங்கத்துல கேட்டா, வேலிக் கம்பெனியை மூடிட்டான், நவநீதன் துபாய்க்கோ எங்கேயோ போயிட்டான்னு சொல்லுதாங்க. கம்பெனி இல்லை, அப்ப 'ஓடட்டுமா'ன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி அது தட்டிக்கிட்டே கிடக்குது. கேமராவுல எடுத்ததையாவது வச்சிருந்தேனா? இடத்தை அடைக்குதுன்னு கையோட அழிச்சிட்டு அடுத்த கல்யாணத்தை எடுத்தாச்சு. முழு வீடியோவைப் பூட்டு முழுங்கிருச்சு.

விடலையே. கோயம்புத்தூருக்கே பஸ் ஏறிட்டேன். அட்ரஸைக் கண்டுபிடிச்சுப் போனா அங்க பல் ஆஸ்பத்திரி. டோக்கன் குடுக்கிற பொண்ணு, "பல்லு புடுங்கணுங்களா?"ன்னு கேக்கா. புடுங்கிட்டாங்க தாயின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஊர்ல விஷயம் பரவிருச்சு. எத்தனை பேரு கல்யாணம் உள்ள மாட்டிக்கிடக்கு தெரியுமா? தினம் ஒருத்தன் வாரான். "அண்ணாச்சி, எங்க கல்யாணத்தைத் திறந்து விடுங்க." ஒருத்தன் அப்பாவைப் பறிகொடுத்தவன், அவரு மேடையில அட்சதை போடுறதை மட்டும் காட்டுங்கன்னு நிக்கான். என்ன சொல்ல? உங்க டிவியில கோளாறுன்னு சொல்லி அனுப்பிட்டேன். வெளியே போயி, வேலியே பயிரை மேஞ்சிட்டுன்னு பேசுதானுங்க. நானே பறிகொடுத்து உக்காந்திருக்கேன், என்னையே பேசுதானுங்க. ஜனங்களுக்கு இரக்கம்கிறதே இல்லாமப் போச்சு தம்பி.

கடைசியில வேற வழி? இன்னிக்குக் காலையில கழுகுமலைக்குப் போனேன். மில்லு வாசல்ல போய் நிக்கேன், கால் உள்ள போக மாட்டேங்குது. ஆவுடையம்மா பாத்துட்டா. மூஞ்சியில மாவோட வெளியே வந்தா. ஏசுவா, மானம் போகும்னு நினைச்சேன்.

"வாங்க அண்ணாச்சி. மதினி போனதைக் கேள்விப்பட்டேன். வரணும்னுதான் இருந்தேன். நீங்க ஏசிட்டுப் போன ஆளு, வாசல்ல வச்சுத் திரும்ப ஏசிட்டா என்ன செய்யன்னு வரலை. உக்காருங்க. காப்பி வேணுமா?"

"அதுக்குத்தான் வந்தேன்"னேன்.

அவ உள்ள போயிட்டா. நான் நினைச்சேன், பரவாயில்லையே, கேக்க முன்னாலயே புரிஞ்சுக்கிட்டாளேன்னு. போனை எடுத்துக்கிட்டு வருவான்னு பாத்தா, டம்ளரோட வாரா. ஆவி பறக்குது.

"இந்தக் காப்பி இல்ல தாயி."

"பின்ன எந்தக் காப்பி?"

அவளுக்குத் தெரியும். அவ கண்ணுல சிரிப்பு இருக்கு, தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்கா. என் வாயால சொல்லட்டும்னு டம்ளரை நீட்டிக்கிட்டே நிக்கா.

"செல்வராணி கல்யாணத்தை நீ டிவியில இருந்து எடுத்தியே. அது."

"ஓ, திருட்டு வீடியோவா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "பந்தியில எங்க வீட்டம்மா வருவா. அந்த இடம் மட்டும் போதும்"னேன். அவ சிரிப்பு போயிருச்சு தம்பி. கையைத் துடைச்சுட்டுப் போனை எடுத்து, தள்ளித் தள்ளிப் பந்திக்குக் கொண்டுவந்து நிறுத்தினா.

பாருங்க, நானும் தொழில்காரன், உள்ளதைச் சொல்லணும். படம் கேவலம். கை ஆட்டம். டிவி கோணலா நிக்குது. ஃபேன் சத்தம், பின்னால மில்லு ஓடுற சத்தம். நானா இருந்தா ஸ்டாண்டு போட்டிருப்பேன். ஆனா வந்தா தம்பி. கோமதி. பச்சைச் சேலை, வாய் நிறைய சோறு, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கு. முந்தானையை எடுக்கக் கை எச்சி. மூட முடியலை! அதனாலதான் மாட்டிக்கிட்டா. இடது கையை ஆட்டிக்கிட்டுச் சொல்லுதா: "ஏங்க, வாயில சோறு இருக்கும்போது எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்ல? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுதேன்." பக்கத்து இலையில எல்லாம் சிரிக்காங்க. அதுக்கு மேல ஆவுடையம்மா குரல் கேக்கு, போன்ல எடுக்கும்போது பேசியிருக்கா: "பாரேன், இந்த மனுஷன் கட்டினவளைக்கூட விட மாட்டேங்காரு."

திரும்பப் போடச் சொன்னேன். போட்டா. திரும்பவும் போடச் சொன்னேன். மாவரைக்க வந்ததுங்க எல்லாம் பாக்குதுங்க, நான் அழுதேன் தம்பி. சொல்றதுக்கு என்ன வெக்கம்? 'வீட்டுக்கு வாங்க'ன்னு சொல்லுதா. வீட்டுக்குத்தான் போறேன், தினம் போறேன். பேசுறதுக்குத்தான் அங்க ஆள் இல்ல.

என் போனுக்கு அனுப்பிட்டா, டக்குன்னு ஒரு நிமிஷத்துல. சாவியும் இல்ல, பெட்டியும் இல்ல. இந்தா, சட்டைப் பையிலதான் இருக்கு. தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வாரேன்.

அப்புறம் சொன்னேன், சொல்ல வேண்டியதைச் சொல்லணும்ல: "தாயி, எனக்குக் கிடைச்சிட்டு. இனி நீ உன் போன்ல இருக்கிறதை அழிச்சிரு. அது முறை இல்ல பாரு." அவ என்னைப் பாத்தா ஒரு பார்வை. "காப்பி ஆறுது அண்ணாச்சி, குடிச்சிட்டுக் கிளம்புங்க"ன்னுட்டு மில்லைப் போட்டுட்டா. அந்தச் சத்தத்துல என்ன பேச? சட்டம் தெரியாத ஜனம். என்ன செய்ய?

நான் எடுத்துட்டு வந்தது மட்டும் என்னவா? நல்லாக் கேட்டீங்க. நான் எடுத்த வீடியோ, என் பொண்டாட்டி. அதை நான் வாங்கிட்டு வந்தா அதுக்குப் பேரு காப்பியா?

இல்ல, இல்ல, உங்க போனுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். போன் தொலைஞ்சா என்ன செய்வீங்கன்னு கேக்கீங்க, நியாயம்தான். ஆனா இன்னிக்கு உங்ககிட்ட, நாளைக்கு உங்க சிநேகிதன்கிட்ட, அப்புறம் ஊரு பூரா வாயில சோத்தோட அவ மூஞ்சியைப் பாக்கும். அவளுக்கே பிடிக்காது. வீட்டுக்குப் போன உடனே முதல் வேலை, இதைப் பத்திரம் பண்ணணும். சேலத்துல புதுசா ஒரு கம்பெனி வந்திருக்காம். இது பழைய வேலி மாதிரி இல்லையாம், என் பெருவிரலை வச்சாத்தான் திறக்குமாம். கம்ப்யூட்டர் படிச்சவர்தானே நீங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா?

மகளுக்கா? மகளுக்கு இல்லாமலா! வடிவு பெத்த தாயைப் பாக்க வேண்டாமா? அவளுக்கும் ஒரு சாவி கண்டிப்பாக் குடுப்பேன். ஒரு டிவிக்கு மட்டும்.